விமான டிக்கெட் வாங்கும் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும், பசங்களுக்குப் பயன்படுற மாதிரி இருக்கணும்" என்றார். டர்பைன் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "ஐயோ வேண்டாம், உங்க பேச்சைச் சாப்பாட்டுக்கு முன்னாடி வைச்சிருக்கோம்" என்றார். பிறகு அவரே தலைப்பும் கொடுத்தார். "மாசம் ரெண்டு தடவை ஃப்ளைட்ல போறீங்களே, டிக்கெட்டைச் சீப்பா எடுக்கறது எப்படின்னு சொல்லுங்க. நம்ம பசங்க நெறய பேர் வெளிநாடு கிளம்பறாங்க." நல்ல தலைப்புதான் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் டிராவல் ஏஜெண்ட் இல்லை. மெக்கானிக்கல் முடித்துவிட்டு மின் நிலையங்களில் கம்மிஷனிங் வேலை பார்க்கிறவன். சைட் எங்கே திறக்கிறதோ அங்கே போயாக வேண்டும். ராய்ப்பூர், மஸ்கட், ஜகார்த்தா என்று பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போகும் டிக்கெட்டைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். லீவுக்கு வீட்டுக்கு வருவதும், அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதும் என் பாக்கெட்டிலிருந்துதான். அதனால் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளில் பலர், உங்கள் வீட்டிலேயே முதன்முதலாக விமானம் ஏறப்போகிறவர்கள். மேல்படிப்புக்குப் போகிறவனுக்கு டிக்கெட்டில் இருபதாயிரம் ரூபாய் மிச்சமானால், அது அம்மாவின் நகைக் கடனுக்குப் பல மாத வட்டி. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அது முதல் மாத அறை வாடகையில் ஒரு பங்கு. அதனால் இதைச் சிக்கனக் குறிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே விமானம், பல விலை

தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து ஊருக்கு வரும் ஆம்னி பஸ்ஸில் என்ன விலை சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதே பஸ், அதே டிரைவர், அதே தூரம். நாள்தான் வேறு. விமானத்தில் இது வருஷம் 365 நாளும் நடக்கிறது. கோபப்பட்டுப் பயனில்லை, ஏன் என்று தெரிந்துகொண்டால் பயனுண்டு.

அமெரிக்காவில் 1978 வரை உள்நாட்டு விமானக் கட்டணத்தை அரசு வாரியம்தான் நிர்ணயித்தது. அந்த வருஷம் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் வந்தது. 1981இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதுக் கம்பெனி, மிகக் குறைந்த கட்டணத்தில் பறக்க ஆரம்பித்தது. பழைய கம்பெனியான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ன செய்தது? எல்லா இருக்கைக்கும் விலையைக் குறைத்தால் நஷ்டம். ஆகவே 1985 ஜனவரியில் ஒரு வேலை செய்தது. காலியாகப் போகக்கூடிய இருக்கைகளை மட்டும் கணினியால் கணக்கிட்டு, அவற்றை மிகக் குறைந்த விலைக்கு விற்றது. ஆனால் பல நாள் முன்னதாக வாங்க வேண்டும், நிபந்தனைகள் உண்டு. கடைசி நேரத்தில் வரும் வியாபாரிக்குப் பழைய விலைதான். 1987இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு கம்பெனியோடு இணைந்து மறைந்துபோனது. அந்தக் கணினிக் கணக்கு மட்டும் உலகம் முழுக்கப் பரவியது.

நம் நாட்டில் 1953ஆம் வருஷச் சட்டத்தால் விமானப் போக்குவரத்து அரசுடைமை ஆயிற்று. அந்தச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது. 'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த கட்டணம் வந்தபோது, ஏறி இறங்கும் விலையும் கூடவே வந்தது. ரயில்வேகூட 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் இதைக் கொண்டுவந்தது. பத்து சதவீத இடம் விற்கும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும், ஓர் உச்சவரம்பு வரை.

இப்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். 180 இருக்கை உள்ள விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அதைப் பல விலைத் தட்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. முதல் தட்டு 3,500 ரூபாய், அடுத்தது 4,200, அடுத்தது 5,500, கடைசித் தட்டு 11,000. (எண்கள் உதாரணத்துக்கு.) கீழ்த்தட்டு தீர்ந்தால் மேல்தட்டு. விற்பனை மந்தமானால் மூடிய கீழ்த்தட்டைத் திரும்பத் திறப்பார்கள். அதனால்தான் சில சமயம் விலை இறங்கவும் செய்கிறது.

ஆக, நாம் கொடுப்பது தூரத்துக்கான விலை என்று நினைத்தால் கணக்கு புரியாது. பெரும்பகுதி நம் அவசரத்துக்கான விலை. நாளை மாற்ற முடியாதவன், நேரத்தை மாற்ற முடியாதவன், ஊரை மாற்ற முடியாதவன் அதிகம் தருகிறான். இதில் எதை மாற்ற முடியும் என்று யோசிக்கிறவனுக்குக் குறைகிறது. இன்று நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான்.

நாளும் நேரமும்

முதலில் நாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆகஸ்டு பிற்பகுதியில் திறக்கின்றன. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடு வரை நம் மாணவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புகிறார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறை. வளைகுடா நாடுகளில் ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, குடும்பம் குடும்பமாக ஊருக்கு வருவார்கள். பொங்கல், தீபாவளி கேட்கவே வேண்டாம். நாள் கையில் இருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னோ பின்னோ நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். அம்மா அப்பாவை அமெரிக்காவுக்கு அழைக்கிற நண்பர்கள் பிப்ரவரி, மார்ச் மாத விலையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு முன்னதாக? என் அனுபவத்தில் உள்நாட்டுக்கு மூன்றிலிருந்து ஆறு வாரம், வெளிநாட்டுக்கு இரண்டிலிருந்து நான்கு மாதம். பண்டிகை நாள் என்றால் இன்னும் முன்னால். கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தேடல் தளங்களில் ஒரு மாதம் முழுவதற்கும் விலையைக் காலண்டர் போலப் பார்க்கலாம். விலை மாறினால் தகவல் அனுப்பச் சொல்லியும் வைக்கலாம். பத்து நாள் அதைக் கவனித்தாலே எது நல்ல விலை, எது கெட்ட விலை என்று கை பழகிவிடும்.

அடுத்து, நான்கு பேர் சேர்ந்து போகும்போது ஒரு சூட்சுமம். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடினால், பல தளங்களில் நான்கு பேருக்கும் ஒரே தட்டிலிருந்துதான் விலை வரும். கீழ்த்தட்டில் 4,000 ரூபாய்க்கு இரண்டு இருக்கைதான் மிச்சம், அடுத்த தட்டு 5,200 என்றால், நான்கு பேருக்கும் 5,200 வீதம் 20,800 கேட்கும். இரண்டிரண்டாக எடுத்தால் 18,400. மிச்சம் 2,400 ரூபாய். முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள், பிறகு நால்வருக்கு. விலை வேறுபட்டால் பிரித்து எடுங்கள். குழந்தையை மட்டும் பெரியவர் இருக்கும் டிக்கெட்டிலிருந்து பிரிக்காதீர்கள்.

எந்த ஏர்போர்ட்?

நம் பக்கத்து ஆட்களுக்குத் திருச்சி இருக்கிறது. 2024 ஜனவரியில் புது முனையமும் திறந்துவைத்தார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு எல்லாம் இங்கிருந்தே போகலாம். ஆனால் எப்போதும் திருச்சிதான் மலிவு என்றில்லை, எப்போதும் சென்னைதான் மலிவு என்றும் இல்லை. மதுரை, கோயம்புத்தூர், பெங்களூர், கொச்சி என எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

போட்டுப் பார்க்கும்போது வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை கணக்கிட வேண்டும். சென்னையில் டிக்கெட் 2,500 ரூபாய் குறைவு என்கிறீர்கள். திருச்சியிலிருந்து சென்னைக்குச் சுமார் 330 கிலோமீட்டர். பஸ், ஆட்டோ, சாப்பாடு, வழியனுப்ப வரும் சித்தப்பா குடும்பத்துக்கும் சேர்த்துப் போக வர... மிச்சம் எங்கே? தனியாகப் போகும் மாணவனுக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, எலெக்ட்ரிக் டிரெயினில் நாலாவது ஸ்டேஷனான திரிசூலத்தில் இறங்கினால் எதிரே ஏர்போர்ட். டாக்ஸி செலவே கிடையாது. எழும்பூர் போய்த் திரும்பி வர வேண்டாம்.

கடைசிப் பக்கத்து விலை

தேடும்போது முதல் பக்கத்தில் தெரிகிற விலை, பணம் கட்டும் பக்கத்தில் இருக்காது. கன்வீனியன்ஸ் ஃபீ, இருக்கைத் தேர்வு, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் வழியில் ஏறிக்கொள்ளும். நாம் கேட்காமலே எதையாவது கூடையில் சேர்ப்பதும், "இன்னும் ஒரே ஒரு இருக்கைதான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் தவறு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. இருந்தாலும் நம் கண்தான் நமக்குக் காவல். இருக்கையை முன்பே காசு கொடுத்து எடுக்காவிட்டாலும், செக்-இன் செய்யும்போது ஓர் இருக்கை இலவசமாகக் கொடுப்பார்கள். பயப்பட வேண்டாம்.

அடுத்து மூட்டை. உள்நாட்டில் பொதுவாக 15 கிலோ லக்கேஜ், கையில் 7 கிலோ. வெளிநாட்டுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஊறுகாய், பருப்புப் பொடி, குக்கர் என்று அம்மா கட்டித் தரும் மூட்டையை வீட்டிலேயே எடை போடுங்கள். கூடுதல் எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் நின்று வாங்கினால் அதைவிட அதிக விலை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த 2,000 ரூபாய் அங்கே போய்விடும். மாணவர்களுக்கு ஏர் இந்தியா, இண்டிகோ போன்ற கம்பெனிகள் தனிச் சலுகைக் கட்டணமும் கூடுதல் எடையும் தருகின்றன. கல்லூரி அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கும் உள்நாட்டில் சலுகை உண்டு. இங்கே முன்வரிசையில் இருக்கும் ஐயாக்கள் கவனிக்கவும். சில சமயம் சாதாரணத் தள்ளுபடி விலை இந்தச் சலுகை விலையைவிடக் குறைவாக இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள்.

மலிவு எப்போது ஆபத்து?

இது முக்கியம். இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து வழியில் மாறிக்கொண்டால், ஒரே டிக்கெட்டைவிட மலிவாக வரும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பெனிக்கு உங்களிடம் எந்தக் கடமையும் இல்லை. புது டிக்கெட் நீங்கள்தான் வாங்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. அதோடு, தனி டிக்கெட் என்றால் வழியில் பெட்டியை எடுத்து மறுபடி போட, அந்த நாட்டுக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு விசா வேண்டும்.

நம் கல்லூரித் தம்பி ஒருவன், மேல்படிப்பு முடித்து கனடாவில் வேலை தேடிக்கொண்டவன், தன் பெற்றோருக்கு அமெரிக்கா வழியாக டிக்கெட் எடுத்துவிட்டு எனக்கு அனுப்பிக் காட்டினான். ஒரே டிக்கெட்தான், விலையும் நன்றாகவே இருந்தது. ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அப்பா அம்மாவிடம் கனடா விசா மட்டும்தான் இருந்தது. சென்னைக் கவுண்டரிலேயே நிறுத்தியிருப்பார்கள். நல்லவேளையாக, புக் செய்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவுக்கு வந்துபோகும் பயணம் என்றால், புறப்பாடு ஏழு நாளுக்கு மேல் இருந்து கம்பெனியிடமே நேரடியாக வாங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்ய அந்நாட்டு விதி இடம் தருகிறது. முழுப் பணமும் திரும்பி வந்தது. இந்தியாவிலும் இப்படி ஓர் அவகாசம் விதியில் உண்டு, நிபந்தனைகளை டி.ஜி.சி.ஏ. தளத்தில் படித்துக்கொள்ளுங்கள். ஆகவே புக் செய்த அன்றே பெயர், தேதி, பாஸ்போர்ட் எழுத்து, வழி எல்லாவற்றையும் இன்னொருவர் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

மலிவான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் வராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. நம் நாட்டு விதிப்படி, சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், ஏறாமல் விட்டிருந்தாலும், சட்டப்படியான வரிகளும் விமான நிலையப் பயனர் கட்டணமும் திரும்பத் தரப்பட வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் சர்சார்ஜையும் தாண்டக் கூடாது. கேட்டு வாங்குங்கள்.

ரொம்ப முன்னதாக வாங்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. முன்பணம் கட்டியவர்கள் திண்டாடினார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் முறையிட ஒரு வழி இருக்கிறது. ரொக்கமாக ஏஜெண்ட் கையில் கொடுத்தால் அதுவும் இல்லை.

ஏஜெண்டுகள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. விவரம் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பி.என்.ஆர். எண் கொடுத்தாலே டிக்கெட் ஆகிவிட்டது என்று நம்பாதீர்கள். பி.என்.ஆர். என்பது இடம் பிடித்து வைத்ததற்கான அடையாளம். பணம் கட்டி டிக்கெட் ஆனால்தான், ஏர் இந்தியா போன்ற கம்பெனிகளில் 13 இலக்க டிக்கெட் எண் வரும். ஏர் இந்தியா எண் 098 என்று தொடங்கும். கம்பெனியின் சொந்தத் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு, உறுதியானது என்று வருகிறதா எனப் பார்த்த பிறகே மீதிப் பணம். வாடிக்கையாளர் சேவை எண்ணையும் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். பொதுவாகத் தேடினால் வரும் எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. ஓ.டி.பி. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

சில நம்பிக்கைகள்

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பார்கள். விலைகள் இவ்வளவு அடிக்கடி மாறாத காலத்துப் பேச்சு அது. இப்போது நாளுக்குப் பல முறை மாறுகின்றன. திரும்பத் திரும்பத் தேடினால் கணினி கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடும் என்பார்கள். பெரும்பாலும் நடப்பது, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த கீழ்த்தட்டு இருக்கையை இன்னொருவர் வாங்கிவிட்டார், அல்லது தளம் காட்டியது பழைய விலை.

கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்களுக்கு ஒரு செய்தி. கூகுள் ஃப்ளைட்ஸுக்கு அடிப்படை, 1996இல் தொடங்கிய ஐ.டி.ஏ. சாஃப்ட்வேர் என்ற கம்பெனியின் மென்பொருள். 2011இல் கூகுள் அதை வாங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான கார்ல் டி மார்க்கன், கட்டண விதிகள் எல்லாவற்றையும் வைத்துச் சரியான டிக்கெட் உண்டா என்று தீர்மானிப்பது, பொதுவாக எந்தக் கணினியாலும் தீர்க்க முடியாத கணக்கு வகையைச் சேர்ந்தது என்று காட்டியிருக்கிறார். ஆகவே உலகிலேயே மலிவான டிக்கெட்டைத்தான் எடுப்பேன் என்று மூன்று இரவு கண்விழிக்காதீர்கள். நியாயமான விலை, நேரான வழி, ஒரே டிக்கெட், சரியான விசா. இந்த நான்கும் அமைந்தால் எடுத்துவிட்டு, மறுபடி விலை பார்க்காமல் தூங்குங்கள்.

நிறைவாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், மஸ்கட்டில் இருக்கிறார்கள், டெக்சாஸில் இருக்கிறார்கள். எந்த மாதம் விலை ஏறும், எந்த ஊரில் மாறுவது சிரமம், எவ்வளவு எடை அனுமதி என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில், வெளிநாடு கிளம்பும் இறுதியாண்டு மாணவர் பட்டியலைச் சங்கம் எடுத்து, அந்தந்த ஊரில் இருக்கும் ஓர் அண்ணனையோ அக்காவையோ சேர்த்துவிட வேண்டும். பணம் கட்டும் பட்டனைத் தட்டுவதற்கு முன் அந்த மாணவன் ஒரு தடவை அவரைக் கேட்கட்டும். பத்து நிமிஷ வேலை. மஸ்கட், ஜகார்த்தா போகிறவர்களுக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

சாம்பார் வாசனை வருகிறது. செயலாளர் அண்ணனும் மணியைப் பார்க்கிறார்.